வலது கை இல்லாத கூட்டல் குறி

இன்று காலை அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த துணியைப் பார்த்ததும் பாய்ந்து பிடுங்கிவிட்டேன். வெளுத்துப்போன காவி நிற டீ-ஷர்ட். சாம்பார், மஞ்சள், டீ எல்லாக் கறையும் அதில் இருந்தது. முன்பக்கத்துப் பிள்ளையார் போன இடம் தெரியவில்லை. ஆனால் தோளில் உன் குறி அப்படியே இருந்தது. ஒரு வட்டம், அதற்குள் ஒரு கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறிக்கு வலது கை கிடையாது.

"ஏ பிள்ள, அதக் குடு. எண்ணெப் பிசுக்க அதுதான் நல்லா இழுக்கு."

"குடுக்க முடியாது."

"ஒரு பழந்துணிக்கா இந்தச் சண்ட போடுத?"

ஆமாம், பழந்துணிக்குத்தான். தாராவியிலிருந்து செம்பூருக்குக் குடிவந்தபோது இது எந்த மூட்டைக்குள் நுழைந்து வந்ததோ தெரியவில்லை. இத்தனை நாள் எங்கள் வீட்டுக் கரியையெல்லாம் உன் தோளால் துடைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை அலசிக் கொடியில் போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஒரு வாரமாக அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு அலைகிறேன். நீ இருந்திருந்தால் போன ஞாயிற்றுக்கிழமையே உன் காது புளித்துப்போயிருக்கும்.

அந்தச் சட்டை நினைவிருக்கிறதா? உன் அப்பாவின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் நீ தனியாக எடுத்துச் செய்த முதல் ஆர்டர். பிள்ளையார் சதுர்த்திக்குச் சிலை வைக்கும் மண்டல் பையன்களுக்கு இருநூறு டீ-ஷர்ட், மூன்று நிறம். மூன்று நிறம் என்றால் மூன்று ஸ்கிரீன். ஒரு நிறத்தின் மேல் அடுத்தது விலகாமல் உட்கார வேண்டும் என்பதற்காக, படத்துக்கு வெளியே ஓரத்தில் வட்டம் போட்டு ஒரு கூட்டல் குறி வைப்பீர்கள். சரிபார்த்த பிறகு அதன் மேல் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் சட்டையில் அச்சடிக்க வேண்டும். நீ ஒட்டினாய். அரைகுறையாக ஒட்டினாய். டேப் நழுவி வலது கையை மட்டும் மறைத்துவிட்டு மீதியை விட்டுவிட்டது. இருநூறு தோளிலும் ஊனமான ஒரு கூட்டல் குறி காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்து உன் அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மண்டல் தலைவர் வந்து சட்டையைப் பிரித்தார். "யே க்யா ஹை?" இது என்ன என்று தோளைக் காட்டினார். நான் உன் பின்னால் ஒளிந்துகொண்டேன். நீ கண்ணை இமைக்காமல், "ஸ்டைல் ஹை, பாவ்" என்றாய், ஸ்டைல்தான் அண்ணே என்று. அவர் இன்னொரு தடவை பார்த்தார், தலையாட்டினார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருடம் நீ எல்லாவற்றையும் ஒழுங்காக மறைத்து அடித்துக் கொடுத்தபோது அதே மனிதர் வந்து அந்த நிஷான், அந்த அடையாளம் எங்கே போயிற்று என்று சண்டை பிடித்தார். அன்றிலிருந்து அது உன் குறி. நீ அடித்த எதிலும் மடிப்புக்குள்ளோ காலர் ஓரத்திலோ அது இருக்கும். தேடினால்தான் தெரியும்.

ஒளித்துவைக்கும் இந்தப் புத்தியை உனக்கு யார் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். பெரிய கதைதான் கொடுத்தது.

அதன் நிஜப்பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாம் அதைப் பெரிய கதை என்றுதான் சொன்னோம். நாம் பிறப்பதற்கு முன்பே ஜப்பானில் ஆரம்பித்து இன்றுவரை முடியாமல் வந்துகொண்டிருக்கும் படக்கதை. பத்தாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி ஒரே ஒரு நாளைக்கு ஒரு பாகத்தை இரவல் கொடுத்தாள். நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போடக் கொடுத்தோம். ஜப்பான் புத்தகம் வலமிருந்து இடமாகப் போகும் என்று கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. யாரோ தலைகீழாக அடுக்கிவிட்டார்கள் என்று நினைத்து அவர் பக்கங்களையெல்லாம் 'சரி' செய்து கட்டிக் கொடுத்துவிட்டார். முதல் பக்கத்திலேயே ஒருவன் செத்துக் கிடந்தான். நான்கு பக்கம் தள்ளி எழுந்து சண்டை போட்டான். கடைசியில் எல்லோரும் ஒரு கப்பலில் ஏறி ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகமானார்கள். ஆறு நாள் அதை அப்படியே படித்தோம். ஏழாம் நாள் விஷயம் தெரிந்து நான் வெட்கப்பட்டேன். நீ வெட்கப்படவில்லை.

"செத்தவன் எந்திரிச்சு வாரான். இதுல என்னட்டி தப்பு? இதுதான் நல்ல கதை."

பிறகு மாட்டுங்காவில் ரத்திக் கடை ரத்திக் கடையாக ஏறி இறங்கினோம். பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் எப்போதாவது ஒரு பாகம் கிடைக்கும். முதுகு கிழிந்திருக்கும், நடுவில் பத்துப் பக்கம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும். மை வாடைக்கு நடுவில், அச்சு மேஜையில் எதிரெதிராகப் படுத்துக்கொண்டு படிப்போம். அப்படி ஒரு நாள், சட்டையில் அடிக்கலாம் என்று நீ ஒரு படத்தின் மேல் ட்ரேசிங் ஷீட் வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாய். பாதியில் நிறுத்தினாய்.

"ஏட்டி, இந்த முழங்கைய நான் ஏற்கெனவே வரைஞ்சிருக்கேன்."

எங்கே என்று உனக்கே தெரியவில்லை. பரணில் ஏறிப் பழைய ஷீட்டுகளையெல்லாம் இறக்கினாய். மாலை நான்கு மணிக்குக் கண்டுபிடித்தாய். பாந்த்ராவிலிருந்து வந்த ஆர்டர் ஒன்று. வெள்ளைக்காரப் பாட்டுக்காரர் ஒருவரின் பழைய ரெக்கார்டு அட்டைப்படம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய். அதே முழங்கை, அதே இடுப்பு வளைவு. நம் கதையின் வில்லன் அந்தப் பாட்டுக்காரர் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தான்.

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. "அப்ப காப்பி அடிச்சிருக்கான்" என்றேன். நீ என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

"காப்பி அடிக்கவன் மறைப்பான். இவன் தெரியட்டும்னு விட்டு வச்சிருக்கான். தனக்குப் பிடிச்ச ஆளுக்குச் சலாம் வைக்கான்ட்டி."

அதற்குப் பிறகு நமக்கு வேறு வேலையே இல்லை. சலாம் பிடிப்பதே வேலை. சாகப்போகிற சிப்பாய் பேசும் கடைசி வசனம் ஒரு பழைய குத்துச்சண்டைப் படத்திலிருந்து வந்தது. சமையல்காரனின் பெயர் ஒரு பாட்டுக் குழுவின் பெயர். ஒருத்தி போட்டிருந்த தொப்பி ஏதோ ஒரு ஃபேஷன் புத்தகத்தின் அட்டையில் இருந்தது. பதினேழு பிடித்தோம். பிறகு சைபர் கஃபேயில் உட்கார்ந்து பார்த்தால், உலகம் முழுக்க நம்மைப்போல் வேலையற்றவர்கள் இருந்து நூற்றுக்கணக்கில் பிடித்துப் பட்டியல் போட்டிருந்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. நீ ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாய். நாம் பிடித்த பதினேழில் ஒன்று மட்டும் அதில் இல்லை.

துறைமுகத்துக் காட்சியில் பின்னால் ஒரு சுவர் வருமே, கிழிந்த சினிமா போஸ்டர்கள் ஒட்டிய சுவர். அதில் கட்டைவிரல் அளவில் ஒரு ஆள் தோளில் துண்டோடு கையை உயர்த்தி நிற்பான். அது நம் ஊர்ப் படத்தின் போஸ்டர் என்று நீ அடித்துச் சொன்னாய். உன் அப்பாவின் பெட்டிக்குள் ஒட்டியிருந்த அதே போஸ்டராம். எனக்கு அன்றைக்கும் சந்தேகம்தான், இன்றைக்கும் பாதிச் சந்தேகம்தான். பட்டியல்காரர்களுக்கு எழுதினாய். ஆதாரம் இல்லை, சேர்க்க முடியாது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாய். மறுபடி அதே பதில். மூன்றாம் தடவை நான்தான் விடச் சொன்னேன். அப்போது நீ சொன்னாய்:

"அவனுக யாரு சேக்கதுக்கு? வச்சவனுக்குத் தெரியும், பாத்தவளுக்குத் தெரியும். நடுவுல எவனுக்கும் தெரிய வேண்டாம்."

நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. நான்கு நாள் காய்ச்சல், டெங்கு என்றார்கள், ஐந்தாம் நாள் இல்லை. இதற்கு மேல் இதைப்பற்றி எழுதமாட்டேன். அந்த நான்கு நாளுக்கு என்னிடம் மரியாதை கிடையாது.

ஆனால் பதினாறாம் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். உன் சித்தி பந்தியில் உட்கார்ந்து சொன்னாள்: "பொம்ம புக்கு படிச்சே காலத்த ஓட்டிட்டா. கல்யாணமும் இல்ல, பிள்ளையும் இல்ல. ஒரு தடம் இல்லாமப் போயிட்டாளே." அவள் கெட்டவள் இல்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இலையை மூடாமல் எழுந்து வந்துவிட்டேன். தடம் இல்லையா? இந்த ஊரில் எத்தனை தோளில், எத்தனை காலரில் நீ இருக்கிறாய் என்று இவர்களுக்கு என்ன தெரியும்? அன்றைக்கே முடிவு செய்தேன். இவர்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் உன்னை வைப்பேன், ஆனால் தெரியாத மாதிரி வைப்பேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். விக்ரோலி ஸ்டூடியோவில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குப் பின்னணி வரைகிறேன். பொம்மைகள் ஓடுகிற தெரு, சுவர், மரம், கடை. ஒருவரும் பார்க்காத பகுதி. அடுத்த திங்கட்கிழமை ஒரு ரொட்டிக் கடையின் சுவரில் உன் குறியை வைத்தேன். பிறகு ஒரு தபால் பெட்டியில், ஒரு தண்ணீர்த் தொட்டியில். ஏதாவது ஒரு மூலையில் நீ இல்லாமல் நான் எந்தத் தொடரையும் முடிக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை.

போன மழைக்காலத்தில் மாட்டிக்கொண்டேன். புதுத் தொடர் ஒன்று. அதில் எட்டு இடத்தில் வைத்திருந்தேன். சூப்பர்வைசர் பெரிய திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "யே க்யா ஹை?" மண்டல் தலைவர் கேட்ட அதே கேள்வி. அழிக்க மறந்துபோன குறியா என்று அவரே வழியும் காட்டினார். ஆமாம் சார், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். உன்னை மறதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "என் சிநேகிதி சார்" என்றேன்.

அவர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் சொன்னார். கொடுத்ததைத்தான் வரைய வேண்டும், வாங்குகிறவன் கண்டுபிடித்தால் மொத்தமும் திரும்பி வரும், எட்டையும் எடுத்துவிடு என்றார். முடியாது என்றேன். நான் போட்டதை நான் அழிக்கமாட்டேன் என்றேன். என்னை அந்தத் தொடரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அழிக்கும் வேலை பக்கத்து மேஜைக்காரருக்குப் போயிற்று.

அவரைப்பற்றி உனக்குச் சொன்னதில்லை. பாண்டுப்பிலிருந்து வரும் மராட்டிக்காரர். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். நான்கு வருடத்தில் நாற்பது வார்த்தை பேசியிருப்பார். அன்று ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "கோன் தீ?" என்றார். யார் அவள் என்று. கீழே டீக்கடையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். டேப் நழுவியது, முழங்கை, சலாம், சித்தி பந்தியில் சொன்னது. என் ஓட்டை ஹிந்தியில் அரை மணி நேரம் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மேலே போய் என் கண்ணெதிரில் எட்டையும் அழித்தார். சுவரின் நிறத்தை எடுத்துப் பூசி, இருந்த இடமே தெரியாமல் அவ்வளவு நன்றாக அழித்தார். அதற்குப் பிறகு நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் டீ வாங்கி வைத்தால் ஆறிப்போகவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொடர் வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு போனில் போட்டேன். வீம்புக்குத்தான் பார்த்தேன். நான் வரைந்து குறி வைத்திருந்த தையல் கடை வந்தது, சுவர் சுத்தமாக இருந்தது. கிணறு வந்தது, ஒன்றுமில்லை. எட்டு இடத்தையும் எண்ணி எண்ணித் திட்டினேன். பிறகு ஒரு மீன்பிடித் துறை வந்தது. அது நான் வரைந்ததில்லை, பக்கத்து மேஜைக்காரர் வரைந்தது. படகுகள் வரிசையாக நிற்கின்றன, வலை காய்கிறது. மூன்றாவது படகின் பின்பக்கம், கயிற்றுக்குக் கீழே, ஒரு வட்டம்.

நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டல் குறி. வலது கை இல்லை.

"என்னத்துக்குட்டி இப்படிக் கத்துத?" என்று அம்மா ஓடிவந்தாள். "அவ இருக்காம்மா" என்று போனைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "படகுதான இருக்கு?" என்றாள். அது போதும். அவளுக்குத் தெரியக்கூடாதுதான்.

உன்னை ஒரு தடவைகூடப் பார்த்திராத மனிதர். எட்டை அழித்த அதே கையால் ஒன்றை வைத்திருக்கிறார், என்னிடமே சொல்லாமல். இந்தச் சேதியைத்தான் ஒரு வாரமாக வைத்துக்கொண்டு அலைந்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் அவர் மேஜை முன்னால் நின்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. நான் நன்றி சொல்லவில்லை. அவர் வைத்த டீயை மட்டும் சூடாகக் குடித்தேன்.

அந்தத் தலைகீழ் ஜெராக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஸ்பைரலைப் பிரித்து ஒழுங்காக அடுக்கிவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். மாட்டேன். துணி காய்ந்துவிட்டது. தோளை மட்டும் வெட்டி அந்த ஜெராக்ஸுக்குள் வைக்கப்போகிறேன். மீதியை அம்மா எடுத்துக்கொள்ளட்டும், எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக இழுக்கிறதாம்.

நாளை மறுநாள் ஒரு ரயில் நிலையம் வரைய வேண்டும். நீளமான பிளாட்பாரம், பதினான்கு தூண். ஒன்பதாவது தூணில், தரையிலிருந்து ஒரு முழம் மேலே, நீ இருப்பாய். அழிக்கச் சொன்னால் சொல்லட்டும். இப்போது வைக்கத் தெரிந்த கை இரண்டு, ஒன்று பக்கத்து மேஜையில் இருக்கிறது.