சோல்வெய்க் அத்தைக்கு எதிராக நான் போட்ட ஓட்டு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மெல்போர்னில் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் சாப்பாட்டு மேசையில் வேண்டிக்கொள்கிறோம். சூரியகாந்தி அறுவடை முடிந்தது, பனியும் விழ ஆரம்பித்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை. அத்தை விஷயம் உன் காதுக்கு வந்திருக்கும். மாநிலக் கருவூலத் தலைவர் பதவியில் ஒருவர் இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைக்கலாமா என்று இந்தத் தேர்தலில் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். அத்தைக்கு இது ஆறாவது பதவிக்காலம், அது நிறைவேறினால் அவள் மறுபடி நிற்க முடியாது. அவளுடைய முதல் தேர்தல் உனக்கு நினைவிருக்கிறதா? ஓட்டுக் கேட்டுப் போன என் பழைய பிக்கப் வண்டியில் ஹீட்டர் வேலை செய்யாது, சின்னப் பெண்ணான நீ எனக்கும் அத்தைக்கும் நடுவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவாய். தானியக் கிடங்கு வாசலில் ஒரு பெரியவர், "பொம்பளைக்குக் கணக்கு வருமா?" என்றார். அத்தை சட்டென்று, "உங்க வீட்டுக் கணக்க யாருண்ணே பாக்குறா?" என்றாள். பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான் முதலில் சிரித்தாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

ஆனாலும் அந்த வரம்பு வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. முதுகுக்குப் பின்னால் செய்ய மனமில்லாமல் ஓட்டுப் போடும் முன்பே அவளிடம் போய்ச் சொன்னேன். "டேய் ஆர்லன், கூடப் பொறந்தவனே என்னைத் துரத்துறியா? நான் என்னடா தப்புப் பண்ணேன்?" என்றாள். "நீ ஒண்ணும் பண்ணலக்கா. உனக்கப்புறம் ஒருத்தன் வந்து ஒட்டிக்கிட்டு உக்காந்தா யாரு எழுப்புறது?" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. அம்மாவும் என்னிடம், "நல்லா இருக்கு உங்க நியாயம், அக்காகிட்டதான் காட்டணுமா?" என்று முகம் கொடுக்காமல் இருந்தாள்.

மாநிலம் முழுவதும் எண்ணியபோது வரம்பு ஜெயித்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அத்தையே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நம்ம ஊர்ல ஓட்டு எப்படிடா விழுந்துச்சு?" என்றாள். "ஊரு உன் பக்கம்தான்க்கா, நான்தான் இல்ல" என்றேன். "தலைநகர்ல என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே எதிரா ஓட்டுப் போட்டவன் எத்தனையோ பேரு. நீ ஒருத்தன்தான்டா சொல்லிட்டுப் போட்டவன்" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தாள். அப்புறம் அம்மாவிடம் சாப்பிடத் தட்டு கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் பண்ணு, ஆறுதல் மட்டும் சொல்லாதே, அவளுக்குப் பிடிக்காது. குழந்தைக்கு எங்கள் முத்தம். கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும்.

என்றும் உன் அப்பா,
ஆர்லன்