கிணற்று விலாங்கை நம்பிய அப்பாவுக்கு

அப்பா,

இன்று காலை மீன்காரம்மாவின் அலுமினியச் சட்டியில் ஒரு விலாங்கு கிடந்தது. மேலே ஈரச்சாக்கு மட்டும்தான், தண்ணீர் இல்லை. "விடியக்காலம் புடிச்சது பாப்பா. இன்னும் சாகாமக் கெடக்கு பாரு, சண்டாளி" என்று அவர் அதைத் தள்ளிவிட்டார். அது வழுக்கி மறுபடி நெளிந்தது. அந்தச் சேற்று வாடையில் நம் கிணறும் நீங்களும் நினைவுக்கு வந்தீர்கள். கூடவே ஒரு பயமும். தண்ணீரே இல்லாமல் இத்தனை நேரம் கிடக்கிற மீன், எந்தத் தண்ணீரில்தான் சாகும்?

நீங்கள் யாரையும் லேசில் நம்பமாட்டீர்கள். பால்காரர் ஊற்றினால் நுரை அடங்கும்வரை செம்பை எடுக்க விடமாட்டீர்கள். கீரனூர் பஸ்ஸில் கூட்டம் சரியில்லை என்று என்னை ஒன்பதாவதோடு நிறுத்தினீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், கண்மாயில் பிடித்துவந்து கிணற்றில் விட்ட விலாங்கை மட்டும் நம்பினீர்கள். "அது உசுரோட கெடக்கா? அப்ப தண்ணி சுத்தம். ஒனக்கென்னத்தா சந்தேகம்?"

பக்கத்து வயலில் மருந்து அடித்த மறுநாள் நல்ல மழை. விடிந்து பார்த்தால், விலாங்கோடு நீங்கள் விட்டிருந்த கெண்டைக் குஞ்சுகள் எல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. வாளியில் அள்ளிக் காட்டினேன். "அதுக பொடிசு, தாங்காது. பெருசு உள்ள கெடக்குல்ல?" என்றீர்கள். பொடிசுகள் சொல்வதை ஏன் கேட்கக் கூடாது என்று தொண்டைவரை வந்தது. நீங்கள் சிரித்தபடி ஒரு செம்பு குடித்தும் காட்டினீர்கள்.

பிறகு வயிற்றுவலி, பெரியாஸ்பத்திரி, ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்தது. தண்ணீரால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மா இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். தெருக்குழாயில் பிடிக்கலாம் என்றால், "ஒங்கப்பா விட்ட விலாங்கு கெடக்குடி உள்ள. அவுக சொல்லுக்கு மேல ஒன் சொல்லா?" என்கிறாள்.

அதனால் இன்று மத்தியானம் அம்மாவிடம் சொல்லாமல் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு புதுக்கோட்டைக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். தண்ணீர் சோதிக்கும் ஆபீசில் கண்ணாடி போட்ட அக்கா ஒருவர் இருந்தார். விலாங்கைப் பற்றி மெல்ல முனகினேன்.

"அது கடல்ல பொறந்து ஆத்து வழியா ஏறி வர்ற சாதிம்மா. தோலாலயும் மூச்சு விடும். தண்ணியில காத்து கொறஞ்சாலும் சமாளிச்சுக்கும். அது இருக்குங்கறதால தண்ணி நல்லதுன்னு ஆயிடாது."

அழுகை வந்தது. அதைவிட உங்கள் மேல் கோபம் வந்தது.

அவர் என் பாட்டிலை மற்றப் பாட்டில்களோடு வைத்தார். "மாறிடாதுல்லங்க?" என்றேன். நானா கேட்டேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

"அம்மாடி, யாரு பெத்த புள்ள நீ!" என்று சிரித்தவர், என் கண்முன்னாலேயே பேரெழுதி ஒட்டினார். அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

முடிவு வர நாளாகும் என்றார்கள். அதுவரை அம்மாவின் குடத்தில் அவளுக்குத் தெரியாமல் குழாய்த் தண்ணீரை ஊற்றிவைக்கப் போகிறேன். இன்று சாயங்காலமே ஊற்றிவிட்டேன். தெரிந்தால் என்னை உண்டில்லை என்று ஆக்கிவிடுவாள்.

உங்கள் பிள்ளைதான் அப்பா நான். எதையும் லேசில் நம்ப மாட்டேன். உங்களையும்.