பிரையனுக்குக் கூடிய கூட்டம்

ஆகஸ்ட் 20, லாங்கன்தால், சுவிஸ்

நகரசபைத் தேர்தலில் நிற்கிறேன் என்று இன்று கட்சிக்குச் சொல்லிவிட்டேன். வரலாற்று ரீச்சருக்கு இனி வரலாற்றில் இடம் வேண்டுமாம் என்று என் கணவர் தவராஜா கேலி செய்கிறார்.

"உம்மடை பிரையன் மூண்டு தரம் தோத்தவரெல்லோ?"

ஓம், தோற்றவர்தான். வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் 1896, 1900, 1908. என்றாலும் அந்த மனிதர் மீது எனக்குள்ள மதிப்பு குறைவதில்லை.

ஆகஸ்ட் 31

வகுப்பில் 1896 படிப்பித்தேன். எதிராளி தன் வீட்டு வாசலில் நின்றபடி, தேடி வந்தவர்களோடு கதைத்தார். காசில்லாத பிரையனோ ரயிலில் ஊர் ஊராகப் போய், பெட்டியின் பின்மேடையில் நின்று பேசினார். மைக் கூட இல்லாத காலம். கடனில் அமிழ்ந்த விவசாயிகளுக்கு, தங்களுக்காக ஒருவர் தொண்டை கட்டும்வரை பேசுகிறார் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! தங்கத்தோடு வெள்ளியையும் நாணயமாக அடித்தால் காசு பெருகி, கடன் சுமை தீர்ந்துவிடும் என்று நம்பியது கொஞ்சம் அப்பாவித்தனம். அதனால் என்ன?

செப்டம்பர் 14

கோயில் மண்டபத்தில் பேசினேன். மாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு பஸ் வேண்டும் என்றதும் மண்டபமே அதிர்ந்தது. கனகரத்தினம் அண்ணை எழுந்து வந்தார். ஜெர்மனில் எந்தக் கடிதம் வந்தாலும் எங்கள் சனம் தூக்கிக்கொண்டு ஓடுவது அவரிடம்தான்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. எல்லா வீட்டையும் நான் பாக்கிறன்."

எனக்குப் பெரிய நிம்மதி.

அக்டோபர் 5

பிரையனுக்கும் கூட்டம் வந்தது. வாக்குத்தானே வரவில்லை — ஏன் இப்போது இந்த யோசனை?

அக்டோபர் 26

தோற்றுவிட்டேன். மயிரிழையில்.

இங்கே வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். அண்ணை வீடு வீடாகப் போய் எல்லாருடைய வாக்குச்சீட்டையும் தன் கையாலேயே நிரப்பியிருக்கிறார்! எல்லாம் ஒரே ஆளின் எழுத்து. சட்டப்படி அத்தனையும் செல்லாது.

"விசா ஃபோம் நிரப்பிற மாதிரித்தானே பிள்ளை நிரப்பினனான்..." அழாக்குறை.

எனக்கு வந்த கோபம்! ஆனால் என்னெண்டு அந்த மனிசனை ஏசுறது? இவ்வளவு காலமும் எங்கடை சனத்தை இந்த நாட்டிலை இழுத்துக்கொண்டு வந்ததே அந்தக் கைதானே.

நவம்பர் 3

1900 பற்றித் திரும்பவும் வாசித்தேன். போரில் வென்ற மிதப்பில் இருந்த சொந்தச் சனத்திடமே போய், பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்திருப்பது பிழை என்றாரே, அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தோற்றார்தான். ஆனால் அவர் கேட்ட வருமான வரியும், செனட்டர்களை மக்களே தெரிவு செய்வதும் பின்னாளில் சட்டமாயின.

"அப்ப திரும்பவும் நிக்கப்போறீர்?" என்றார் தவராஜா.

நிற்பேன். அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது.

நவம்பர் 22

வாக்குச்சீட்டு நிரப்பப் பழக்கும் வகுப்பு, அதே மண்டபத்தில். கதிரை அடுக்கியவர் கனகரத்தினம் அண்ணை. பேனையை மட்டும் அவர் தொட நான் விடவில்லை.

மார்ச் 8

இன்று நாடு முழுவதும் ஒரு புதுச் சட்டத்துக்கு ஓமா இல்லையா என்று வாக்கெடுப்பு. என் வகுப்புக்கு வந்த புனிதவதி அக்கா பாடசாலைகளில் துப்புரவு வேலை செய்கிறவர். குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து அவருடைய சீட்டை நிரப்பியது அண்ணைதான். இன்று தானே நிரப்பி, தானே ஒப்பமிட்டு, நகரசபைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"ஓம் எண்டோ இல்லை எண்டோ அக்கா போட்டனீங்கள்?"

அக்கா கைப்பையை இறுக்கிப் பூட்டினார்.

"அது உமக்கு என்னத்துக்குப் பிள்ளை?"

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.