நிக்கலின் முடி

செப்டம்பர் 9, திங்கள்
எங்கள் சின்சில்லா நிக்கலுக்கு இன்று மண் குளியல்; அணில் அளவு, பட்டு மாதிரி அடர்ந்த முடி, தண்ணீரே ஆகாது. கணவர் ஓரின் கிண்ணத்தில் தூளைக் கொட்டினார். அது புரண்டதில் அறை முழுக்கப் புழுதி. அப்புறம் மடியில் வைத்துச் சீவினார். உதிர்ந்த முடி பாட்டிலுக்குள். அதைச் செம்மறிக் கம்பளியோடு கலந்து நூற்பது என் வேலை. சின்சில்லா முடி ஓர் அங்குலம்தான், தனியாக முறுக்கு நிற்காது.

மகள் சோல்வெய்கோடு வசந்தத்தில் பேசிவைத்தது: நிக்கலைச் சீவத் தெரிகிறவரை அவள் அப்பா எங்கள் வீட்டிலேயே இருக்கலாம். தெரியாமல் போனால், மேடிசனில் அவள் பார்த்துவைத்திருக்கும் முதியோர் இல்லத்தில். டாக்டர் வைக்கிற ஞாபகப் பரீட்சைகளை விட இது மேல் என்று சொன்னது நான்தான்.

செப்டம்பர் 17, செவ்வாய்
ஒரு மாதத்து முடி ஒரே வாரத்தில் சேர்ந்திருக்கிறது. குளிர் வரப்போகிறது, அதனாலோ?

செப்டம்பர் 18, புதன்
அதனால் இல்லை.

சீப்பில் வருவது கலைந்த பஞ்சு மாதிரி இருக்கும். இது கொத்துக் கொத்தாக — அடியில் நீலச் சாம்பல், நடுவில் வெள்ளை, நுனியில் கறுப்பு, வரிசை குலையாமல். பயந்த சின்சில்லாவை இறுக்கிப் பிடித்தால், பிடித்த இடத்து முடியைக் கையிலேயே விட்டுவிட்டு ஓடிவிடும். நூற்கிறவர்கள் யார் பார்த்தாலும் தெரியும். இந்த வீட்டில் நூற்பது நான் மட்டும்தான்.

மூடியைத் திருகி வைத்தேன். சூப் வைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு
சோல்வெய்க் வந்தாள். நேராகப் பாட்டிலிடம் போனாள்.

"அம்மா, அப்பா கலக்குறாரே. நான்தான் வீணா பயந்துட்டேன் போல."

ஓரினுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் சீவிக் குமிக்கிறேன், உன் அம்மாவுக்கு நூத்து முடிக்க நேரமில்லை. இல்லத்துக்கு அனுப்புறதா இருந்தா அவளை அனுப்பு."

எல்லோரும் சிரித்தோம். நானும்.

செப்டம்பர் 25, புதன்
கதவோரம் நின்று பார்த்தேன். சீப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அது நழுவியது. இரண்டு கையாலும் அமுக்கினார். நிக்கல் பயந்து நாய்க்குட்டி மாதிரிக் குரைத்தது, துள்ளி ஓடியது. கையில் இருந்த கொத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு பத்திரமாகப் பாட்டிலில் போட்டார்.

நிக்கலின் விலாவில் வட்டமாக வழுக்கை.

போய்த் தடுத்திருக்கலாம். பாத்திரம் கழுவினேன். நான் என்ன மனுஷி?

அக்டோபர் 1, செவ்வாய்
நன்றாகக் கலந்து நூற்றுவிட்டால் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 5, சனி
நூலகத்தில் நூற்பவர்கள் கூட்டம். பக்கத்தில் நூற்கும் தோழி லொரெய்ன் என் கூடையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

"வெர்னா, இது சீப்புல வந்தது இல்லையே."

"இல்ல."

"ஓரினா?"

ராட்டையை மிதித்துக்கொண்டே இருந்தேன். நூல் அறுந்தது.

"எத்தனை நாளா அந்தச் சின்ன ஜீவனை இப்படி விட்டு வச்சிருக்க?" அதட்டவில்லை. சும்மாதான் கேட்டாள்.

அக்டோபர் 6, ஞாயிறு
சோல்வெய்கைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "பாட்டில் நிறைஞ்சிருக்கக் கூடாதுடி. அதுதான் தப்பு." அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் அழுதாள். எனக்கு வரவில்லை. கூண்டைப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஓரின் இரண்டு முறை சாவி எங்கே என்று கேட்டார். மூன்றாம் முறை கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்
ஓரினை இன்று மேடிசன் இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். கோட்டைத் தானே கழற்றி மாட்டினார். ஜன்னல் பிடித்திருக்கிறது என்றார். சோல்வெய்க் கையெழுத்துப் போடப் போனாள். அதுவரை காத்திருந்த மாதிரி என்னை அருகில் கூப்பிட்டார்.

"வெர்னா, கோவிச்சுக்காத. நிக்கலை யாரோ முரட்டுத்தனமா பிடிக்கிறாங்க. ரொம்ப நாளாவே தெரியும். கொத்துக் கொத்தா முடி வருது."

"யாரு?"

"வீட்டுல வேற யாரு இருக்கா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் கை முன்ன மாதிரி இல்ல. சோல்வெய்குக்குத் தெரிஞ்சா உன்னை எங்கயாவது கொண்டு போய் விட்டுடுவா. அதான் வாயே திறக்கல. கிடைச்சதை எல்லாம் பாட்டில்ல போட்டு மறைச்சேன்."



"ஆமா, நான்தான்," என்றேன். "இனிமே மெதுவா பிடிக்கிறேன்."

"நீ மெதுவாத்தான் பிடிப்ப. எனக்குத் தெரியாதா?" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

வண்டியில் அழுதேன். மேடிசனிலிருந்து வீடு வரும்வரை நிற்கவில்லை.