சாமி முன் வைத்த கணக்கு

புதன். சரஸ்வதி பூஜை

விட்டுவிட்டு மழை. பொரி, வாழைக்கன்று, பூசணிக்காய். பூசணியை மறந்து மறுபடி மார்க்கெட்.

அப்பா சொல்லச் சொல்லக் கடையில் பில் போடுவது நான், எல்லாம் கம்ப்யூட்டரில். பூஜைக்காக இந்த வருடக் கணக்கை அச்சடித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா தொடக்கூட இல்லை.

"சாமிக்கு அது வேணாம்மா."

தான் கையால் கணக்கு எழுதும் சிவப்பு நோட்டைச் சாமி முன் வைத்தார். பழைய பழக்கம்.

வியாழன். விஜயதசமி

தேங்காய்த்திட்டில் கடை திறந்து ஊதுபத்தி அணையவில்லை, அதற்குள் ஜிஎஸ்டி அதிகாரிகள். விடுமுறை நாளில்! அவர்கள் காட்டிய சோதனை உத்தரவைப் போனில் படம் பிடித்தேன். அதில் கடை விலாசம் மட்டும். கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் குருசுக்குப்பம், எங்கள் வீடு. வழி கேட்கவே இல்லை.

நோட்டின் மேல் பூ.

"இன்னும் புனர்பூஜை ஆவல சார்." அப்பா கும்பிட்டார்.

"நீங்க பூஜை பண்ணுங்க, நாங்க படிச்சிக்கிறோம்."

நோட்டு குங்குமத்தோடு போய்விட்டது. எடுத்ததையெல்லாம் எழுதிய மகஜரில் அப்பா படிக்காமல் கையெழுத்து.

வீட்டை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

வெள்ளி

வெயில். சந்தேகம் சித்தப்பா மேல். கடையில் பங்கு கேட்டுச் சண்டையோடு பிரிந்தவர். இன்று ஆப்பிளோடு வந்தார். அப்பாவுக்கு என்ன காய்ச்சலா?

"என்னம்மா, போலீஸ்காரி மாதிரி பாக்குற?"

"வீடு அவங்களுக்கு எப்படித் தெரியும் சித்தப்பா?"

"ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன்லயே வீட்டு விலாசம் இருக்கு. நீதான படிச்சவ!"

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. ஆனாலும் ஆப்பிளைத் தொடவில்லை.

மத்தியானம் முழுக்கச் சட்டம் படித்தேன். எந்த இடத்தில் தேடலாம் என்று உத்தரவில் இருக்க வேண்டும். வீடு இல்லை. மாட்டிக்கொண்டார்கள்.

சனி

அப்பாவோடு வக்கீல் ஆபீஸ். வக்கீல் அம்மா என் போனில் உத்தரவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வீட்டுக்கு உத்தரவு இல்ல. தப்புதான், சண்டை போடலாம். ஆனா ஒன்னு, தேடுனது தப்பா இருந்தாலும் எடுத்த நோட்ட கோர்ட்டு பாக்கும். சார், அதுல என்ன இருக்கு?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் மேடம்" என்றேன் நான்.

அப்பா ஆமாம் என்று சொல்லவில்லை. வக்கீல் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் அப்பா. சித்தப்பாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

அப்பா சாமி முன்னால் பொய் வைக்க மாட்டார்.

பூஜை அலமாரியின் ஓரத்தில் அவர் சொல்லச் சொல்ல நான் போட்டு அச்சடித்த கணக்குத் தாள்கள், வைத்தது வைத்தபடி. ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து.