வினையூக்கி செத்த நாள்

நாள் 212, காலை
செவ்வாய்க் கோள், வேதியியல் கூடம். எழுதுவது மரகதவல்லி. வழக்கமான வேலைதான். கோதுமைத் தண்டை அரைத்து, வெந்நீரும் ஹைட்ரஜனும் சேர்த்து, நிக்கல் கலந்த வினையூக்கித் தூளின் மேல் ஓட்டினேன். பார்க்க அடுப்புக்கரி மாதிரி இருக்கும். ஆனால் தண்டின் செல்லுலோஸை உடைத்துக் கிளைக்கால் என்கிற திரவமாக்கிவிடும். கூடங்களைச் சூடேற்றும் குழாய்களில் தண்ணீர் உறையாமல் காப்பது அதுதான்.

வெளியே புழுதிப் புயல். பசுமைக்கூடத்தில் அருளப்பன் தனியாக மாட்டிக்கொண்டான். ஒரு ஜாண் அகலக் காற்றுக்குழாயில் அவன் தண்டு அனுப்புவான். மெல்லிய குழாய் ஒன்றில் நான் கிளைக்கால் அனுப்புவேன். ஆள் போக வழியில்லை.

நாள் 213, காலை
ரேடியோவில் அருளப்பன்: "அக்கா, சூடேத்துற குழாயில கசிவு. அடைச்சிட்டேன். ஆனா கிளைக்கால் பூரா தரையில போயிட்டு. வெறுந்தண்ணி விட்டா ஒறைஞ்சிரும். நாளைக்குள்ள கொஞ்சம் அனுப்புங்க."

பால் வாங்கிவரச் சொல்கிற மாதிரி சொல்கிறான். இருக்கிற தண்டையெல்லாம் அனுப்பச் சொன்னேன்.

நாள் 213, மாலை
உலையில் அழுகிய முட்டை நாற்றம். கிளைக்கால் சொட்டுவது நின்றுவிட்டது. மிச்சத் தண்டைக் கிளறினேன். நடுவே சின்ன வெங்காயத் தாள். வெங்காயத்தில் கந்தகம் உண்டு. அது பட்டால் நிக்கல் வேலை செய்யாது. கழுவினாலும் தேறாது. மாற்றுத் தூள் இல்லை.

கேட்டேன். "ஆமாக்கா. ஒங்க பொறந்த நாளுக்கு சாம்பார் வைக்கலாம்னு வெங்காயம் ஒளிச்சுப் போட்டிருந்தேன். தாளும் செடிதானேன்னு சேத்து அனுப்பிட்டேன். தப்பாயிட்டா?"

தப்பில்லை என்றேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

நாள் 214, காலை
என் கூடத்துக் குழாய்களில் கிளைக்கால் இருக்கிறது. பாதி கொடுத்தால் இரண்டு கூடமும் உறையும். முழுவதும் கொடுத்தால் நான் உறைவேன். வடிகால் திருகில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் என் குழாயில் இருப்பதைக் கேட்பான் என்று பயமாக இருக்கிறது. தயாராகிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். "அவசரமில்லக்கா" என்றான். அவனுக்குப் பல் தந்தியடித்தது.

நாள் 214, மதியம்
கூப்பிட்டேன். பதில் இல்லை. சாப்பிட்டேன்.

நாள் 214, மாலை
"அக்கா, கிளைக்கால் வந்துட்டு போலுக்கே. கூதலே தெரியல. ஒரே புழுக்கம். சட்டையக் கழட்டிப் போட்டுட்டேன்."

குளிரில் சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு அப்படித்தான் எரியும். பயிற்சியில் எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவனுக்கு நினைவில்லை.

வந்துவிட்டது என்றேன்.

"நல்லதுக்கா. அப்ப கொஞ்சம் படுக்கேன்."

படு என்றேன்.

இங்கே இருபத்திரண்டு டிகிரி.