லேப்டாப்பில் இருந்த சாட்சி

வியாழன், ஐப்பசி மூன்று.

மகனுடைய பழைய லேப்டாப்பில் மருமகள் கமலாவுக்குத் திங்கட்கிழமை நர்சரி டீச்சர் வகுப்பு தொடங்குகிறது. மெமரி ரெண்டு ஜிபிதானாம். விண்டோஸ் ஏறுவதற்குள் சோறு வெந்துவிடும்.

இன்று விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் என்பதில் இரண்டு வகையைப் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். ஒன்று அழகாகத்தான் இருந்தது, மாதிரி வகுப்பு வீடியோவைத் திறந்ததும் திணறி நின்றுவிட்டது. மற்றது மொட்டையாக இருந்தாலும் ஓடியது.

"மொட்டையையே போடு," என்றேன்.

"போட்டா பழசெல்லாம் அழிஞ்சிடும் அத்தை. போட்டோவெல்லாம் எடுத்துட்டேன். எங்க கல்யாண வீடியோதான் பெருசு, வைக்க இடமில்ல."

அந்த வீடியோவில்தான் ரத்தோட்டையில் இருக்கும் என் நாத்தனார், "சேலை யாருகிட்ட இரவல் வாங்குனீங்க அண்ணி?" என்று சபையில் கேட்கிறாள். அப்படிக் கேட்கவே இல்லையென்று அவள் என்றைக்காவது சாதித்தால் காட்டுவதற்காகப் பதினொரு வருஷமாக வைத்திருந்தேன்.

"இதுவரைக்கும் யாருக்காச்சும் காட்டுனீங்களா?" என்று சிரித்தாள் கமலா.

காட்டவில்லை. அவளுக்கு வகுப்பு முக்கியம். "அழி," என்றேன்.

புதியது சுருக்காக ஏறிவிட்டது. எனக்குத்தான் படுத்தும் தூக்கம் வரவில்லை. இனி என் வாய்தான் சாட்சி. பச்சைச் சேலை, நாத்தனார் வாயில் வெற்றிலை, எதிரே சம்பந்தி வீட்டார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

சேலை இரவல்தான். அதற்காகச் சபையில் கேட்பதா?